மூடா நீர்ப்பாசனத் திட்டம்: உலக வங்கிக் கடன் கெடா வயலில் செய்தது என்ன?

அனைத்துலக மேம்பாட்டு நிதி என்றால் ஆப்பிரிக்காவும் வங்காளதேசமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நம் நாடும் ஒரு காலத்தில் அந்த வரிசையில் நின்றது. 1970-ஆம் ஆண்டு அரசாங்கக் கணக்குப்படி, தீபகற்ப மலேசியக் குடும்பங்களில் 49.3 விழுக்காடு வறுமையில் இருந்தன. நெல் விவசாயக் குடும்பங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது ஏறக்குறைய 88 விழுக்காடு.

கெடாவிலும் பெர்லிசிலும் அன்று மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகம்தான். ஜனவரி, பிப்ரவரியில் அறுவடை முடிந்தால் அடுத்த மழைவரை வயல் காய்ந்து கிடக்கும். ஆண்கள் வெளியூருக்குக் கூலி வேலை தேடிப் போவார்கள். வீட்டில் அரிசி தீர்ந்ததும் கடைக்காரரிடமோ நிலக்காரரிடமோ கைநீட்ட வேண்டும். இதற்கு ‘பாடி குஞ்சா’ என்று ஒரு முறையே இருந்தது. குஞ்சா என்பது நெல் அளக்கும் அளவை. இப்போது பணம் வாங்கிக்கொண்டு, அறுவடையில் இத்தனை குஞ்சா தருகிறேன் என்று ஒப்புக்கொள்வது. பேசும் விலை சந்தை விலையை விட மிகக் குறைவு. வட்டி என்ற சொல்லே வராத கந்துவட்டி.

இந்த நிலையில்தான் மூடா திட்டத்துக்காக உலக வங்கி 1965-இல் 4 கோடியே 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்தது. அது தானமல்ல, கடன். அரசாங்கம் வட்டியுடன் திருப்பிச் செலுத்த வேண்டிய பணம். விவசாயிகள் தலையில் அந்த முதல் விழவில்லை. அவர்கள் கட்டியது சிறிய தண்ணீர் வரி மட்டுமே.

திட்டத்தின் அமைப்பு கெட்டிக்காரத்தனமானது. மூடா ஆற்றுப் பக்கம் மழைநீர் நிறைய வரும், தேக்கி வைக்க இடம் குறைவு. பெடு பக்கம் இடம் பெரிது, வரும் நீர் குறைவு. இரண்டிலும் அணை கட்டி, இடையே 6.8 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் குடைந்து, மூடாவின் நீரைப் பெடுவில் சேர்த்தார்கள். அங்கிருந்து திறந்துவிடும் நீர் ஆற்று வழியே சமவெளிக்கு இறங்கி, வாய்க்கால்களில் பிரிந்து சுமார் 96,000 ஹெக்டர் வயலுக்குப் பாய்கிறது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயக் குடும்பங்கள் அந்த நிலத்தை நம்பியிருந்தன.

1970-இல் இரண்டாம் போகம் தொடங்கியது. 1974-க்குள் 90 விழுக்காட்டுக்கும் மேலான வயல்களில் இருபோகம் நடந்தது. 1970-இல் அமைக்கப்பட்ட ‘மாடா’ எனும் மூடா வேளாண்மை மேம்பாட்டு வாரியம், விவசாயிகள் சங்கங்கள் வழியாக உரமும் கடனும் கொடுத்தது. அணையை மட்டும் கட்டிவிட்டுப் போயிருந்தால் இத்தனை விரைவில் இது நடந்திருக்காது. சிறு நிலம் வைத்திருந்தவர் வீட்டில் ஆண்டு முழுவதும் சொந்த அரிசி இருந்தது. நிலமில்லாதவருக்கும் நாற்று நடவும் அறுவடையும் ஆண்டுக்கு இருமுறை கிடைத்தன.

பலன் வயலோடு நிற்கவில்லை. உலக வங்கிக்காகத் திட்டத்தை ஆராய்ந்த பெல், ஹேசல், ஸ்லேட் ஆகியோர் 1982-இல் வெளியிட்ட நூல் ஒரு கணக்கைச் சொல்கிறது: வயலில் நேரடியாக உருவான ஒவ்வொரு டாலர் மதிப்புக்கும், வட்டாரத்தின் மற்றத் தொழில்களில் மேலும் 83 காசு உருவானது. மளிகைக் கடை, போக்குவரத்து, வீடு கட்டும் வேலை என்று அந்தப் பணம் சுற்றி வந்தது.

ஆனால் நெல் பெருகியதே இயந்திரத்தையும் அழைத்து வந்தது. இரு போகங்களுக்கு இடையே அவகாசம் குறைவு, அறுவடையை விரைவாக முடித்தாக வேண்டும். 1970-களின் பிற்பாதியில் அறுவடை இயந்திரங்கள் வந்தன. 1980 வாக்கில் மூடாவின் பெரும்பகுதி நெல்லை அவையே அறுத்தன. கதிர் அறுத்தும் நெல் அடித்தும் பிழைத்த ஏழைக் குடும்பங்களுக்கு அந்தக் கூலி போயிற்று. பிறகு நேரடி விதைப்பு பரவியதும் நடவு வேலையும் சுருங்கியது. நில உரிமையாளர்கள் சிலர் குத்தகையாளரை விலக்கிவிட்டுத் தாங்களே பயிரிட்டார்கள், அல்லது முன்பணமாகக் குத்தகை கேட்டார்கள். கையில் காசில்லாதவர் எப்படி முன்பணம் கட்டுவார்? 1978 வறட்சியில் அணை நீர் போதாமல் ஒரு போகமே ரத்தானபோது, அந்த ஆண்டை ஓட்ட முடியாமல் தவித்தவர்களும் இவர்களே.

இதை வைத்துத் திட்டம் தோற்றது என்று சொல்வது நியாயமல்ல. இன்றும் நாட்டின் நெல் உற்பத்தியில் ஏறக்குறைய 40 விழுக்காடு மூடா வட்டாரத்திலிருந்து வருகிறது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. தண்ணீருக்குத் திட்டம் இருந்தது, உரத்துக்குத் திட்டம் இருந்தது. கூலியை இழக்கப் போகிறவருக்கு எந்த ஏற்பாடும் இல்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளில் பலர் பினாங்கு தொழிற்சாலைகளுக்கும் நகர வேலைகளுக்கும் கிளம்பினார்கள். பெற்றோர் கம்போங்கிலேயே இருந்து, பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் குடும்பம் நடத்தினார்கள்.