சக்கரப் பொருத்தம் (அனைத்துச் சக்கர இயக்கக் கார்கள்)

அனைத்துச் சக்கர இயக்கக் கார்களில் சக்கரப் பொருத்தம் என்பது, தொழிற்சாலையில் மாட்டப்பட்ட சக்கரங்களுக்குப் பதிலாக வெளிச்சந்தையில் வாங்கப்படும் சக்கரங்கள் அக்காரின் ஹப், பிரேக், சஸ்பென்ஷன், ஆற்றல் கடத்தும் அமைப்பு ஆகியவற்றுடன் அளவால் ஒத்துப்போவதைக் குறிக்கும். முன்சக்கரங்களால் மட்டும் இயங்கும் காரில் பொருத்தம் தவறினால் பெரும்பாலும் உராய்வு, அதிர்வு, டயர் தேய்மானம் ஆகியவை தோன்றும். நான்கு சக்கரங்களும் ஒரே எந்திரத்துடன் பிணைந்துள்ள காரில் இவற்றோடு கிளட்ச், டிஃபரன்ஷியல் முதலிய விலைமிக்க பாகங்களும் பழுதாகக்கூடும். எனவே இவ்வகைக் கார்களில் சக்கரத்தின் தோற்றமும் போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் மட்டும் தேர்வுக்குப் போதுமானவை அல்ல.

சென்னையை அடுத்த ஒரகடத்தில் தயாரிக்கப்பட்ட ரெனோ டஸ்டர் காரின் அனைத்துச் சக்கர இயக்க வகை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. இது இந்தியச் சந்தையில் 2014 செப்டம்பரில் அறிமுகமானது.

உருளும் சுற்றளவு

நான்கு டயர்களின் உருளும் சுற்றளவும் சமமாக இருத்தலே முதன்மையான நிபந்தனை ஆகும். டஸ்டரின் டயர் அளவு 215/65 ஆர்16. இதில் 215 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரத்தின் விழுக்காடு. 16 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். இதன்படி பக்கச்சுவர் 139.75 மிமீ, முழு விட்டம் 685.9 மிமீ, சுற்றளவு ஏறத்தாழ 2155 மிமீ ஆகும்.

17 அங்குல ரிம்முக்கு மாற விரும்புபவர் 215/60 ஆர்17 டயரைத் தேர்ந்தால் விட்டம் 689.8 மிமீ ஆகும்; வேறுபாடு 0.6 விழுக்காடு மட்டுமே. 215/55 ஆர்17 டயரில் விட்டம் 668.3 மிமீ ஆகக் குறைகிறது, அதாவது 2.6 விழுக்காடு. நான்கு சக்கரங்களையும் ஒருசேர மாற்றினால் இக்குறைவு வேகமானியையும் தொலைவுக் கணக்கையும் தரை இடைவெளியையும் பாதிக்குமே தவிர, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே பூசலை உண்டாக்காது. அந்தப் பூசல் அளவுகள் கலக்கும்போதே எழுகிறது.

முன் டயர்கள் புதியனவாகவும் பின் டயர்கள் 3 மிமீ தேய்ந்தனவாகவும் உள்ள ஒரு டஸ்டரைக் கருதலாம். பின் டயரின் விட்டம் 6 மிமீ குறைந்திருக்கும். ஒரு கிலோமீட்டருக்கு முன் சக்கரம் ஏறத்தாழ 464 முறை சுற்றும்போது பின் சக்கரம் 468 முறை சுற்றும். நூறு கிலோமீட்டர் ஓடினால் இடைவெளி 400 சுற்றுகளைத் தாண்டிவிடும். டஸ்டரில் பின் டிஃபரன்ஷியலுக்கு முன்னால் உள்ள மின்காந்தப் பல்தட்டுக் கிளட்ச் இந்த வேறுபாட்டை வழுக்கலாக ஏற்றுக்கொள்கிறது, வழுக்கல் வெப்பமாகிறது. 'லாக்' நிலையில் கிளட்ச் இறுகியிருப்பதால் வேறுபாடு டயருக்கும் தண்டுக்கும் இடையிலான இழுபறியாக மாறும். மாருதி ஜிப்சி, ஜிம்னி போன்ற பகுதிநேர நான்கு சக்கர இயக்க வண்டிகளில் மைய டிஃபரன்ஷியலே கிடையாது. ஆகவே அவற்றைக் காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர நிலையில் ஓட்டலாகாது. டயர்கள் ஒத்திருந்தாலும் வளைவுகளில் இழுபறி ஏற்படும்.

சுபாரு நிறுவனம் தன் கார்களின் டயர்களிடையே சுற்றளவு வேறுபாடு கால் அங்குலத்துக்கு, அதாவது 6.4 மிமீக்கு மிகலாகாது என்று கூறிவந்துள்ளது. ஆரத்தில் அது 1 மிமீ மட்டுமே. ஒரு டயர் கிழிந்ததும் அதை மட்டும் புதிதாக வாங்கி மாட்டும் பழக்கம் இவ்வகைக் கார்களுக்கு ஏற்றதன்று என்பது இக்கணக்கிலிருந்தே விளங்கும். மாற்றுச் சக்கரமும் மற்ற நான்கின் அளவிலேயே இருந்து, ஐந்தும் முறைவைத்து இடம் மாற்றப்படுவது நல்லது. அலாய் வீல் நான்கு மட்டும் வாங்கிவிட்டு, டிக்கியில் பழைய அளவுச் சக்கரத்தை மறந்துவிடுவதே அடிக்கடி நேரும் பிழை.

போல்ட் வட்டமும் மையத் துளையும்

போல்ட் துளைகளின் மையங்கள் வழியே செல்லும் வட்டத்தின் விட்டம் பட்டறைகளில் பி.சி.டி. எனப்படுகிறது. டஸ்டரில் இது ஐந்து துளைகளுடன் 114.3 மிமீ. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்கள் பலவற்றில் இது 112 மிமீ. இரண்டையும் அருகருகே வைத்தாலும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. 112 மிமீ சக்கரத்தை 114.3 மிமீ ஹப்பில் வலிந்து ஏற்றினால் நட்டுகள் சாய்ந்து அமரும். முறுக்குவிசை அளவியில் எண் சரியாகக் காட்டினும் அவை ஓட்டத்தில் தளர்ந்துவிடும்.

மையத் துளை டஸ்டரின் ஹப்பில் 66.1 மிமீ. வெளிச்சந்தைச் சக்கரங்கள் பல கார்களுக்கும் பொருந்தும்படி பெரும்பாலும் 73.1 மிமீ துளையுடன் வருகின்றன. இடைவெளியை நிரப்ப வெளிவிட்டம் 73.1, உள்விட்டம் 66.1 மிமீ கொண்ட வளையம் தேவை. வளையம் இன்றி மாட்டினால் சக்கரம் மையம் விலகி, வேகம் கூடும்போது ஸ்டீயரிங்கில் அதிர்வு தோன்றும். இதைச் சமன்செய்யும் குறை எனக் கருதி மீண்டும் மீண்டும் 'வீல் பேலன்சிங்' செய்வோர் உளர், பயன் இராது.

நட்டின் அமர்முகமும் ஒத்திருக்க வேண்டும். கூம்பு, கோளம், தட்டை என மூன்று வடிவங்கள் உள்ளன. கூம்பு நட்டைக் கோளக் குழியில் இறுக்கினால் அது மெல்லிய விளிம்பில் மட்டுமே தொட்டு நிற்கும்.

ஆஃப்செட்

ரிம்மின் அகல மையத்துக்கும் ஹப்பில் படியும் முகத்துக்கும் இடையிலான தொலைவு ஆஃப்செட் ஆகும். சக்கரத்தில் இது இ.டி. என்ற எழுத்துகளுடன் பொறிக்கப்பட்டிருக்கும். டஸ்டரின் 6.5 அங்குல அகல ரிம்மில் இது 50 மிமீ. இதற்குப் பதில் 7.5 அங்குல அகலமும் 35 மிமீ ஆஃப்செட்டும் கொண்ட சக்கரத்தை மாட்டினால், அகலத்தால் 12.7 மிமீ, ஆஃப்செட்டால் 15 மிமீ என வெளிவிளிம்பு மொத்தம் 27.7 மிமீ வெளியே தள்ளப்படும். உள்விளிம்பு 2.3 மிமீ மட்டும் விலகும். இதனால் டயர் மட்கார்டைத் தொடலாம். வீல் பேரிங்கின் மீதான நெம்பு விசையும் மிகும்.

டஸ்டரில் மற்றொரு நுட்பமும் உண்டு. இரு சக்கர இயக்க வகையில் பின்புறம் முறுக்குக் குறுக்குத்தண்டும், அனைத்துச் சக்கர இயக்க வகையில் பல இணைப்புகள் கொண்ட தனித்தியங்கும் சஸ்பென்ஷனும் உள்ளன. எனவே நண்பரின் இரு சக்கர இயக்க டஸ்டரில் தடையின்றிச் சுழன்ற சக்கரம் இவ்வகையிலும் அவ்வாறே சுழலும் என்று கொள்ள இயலாது. சக்கரத்தை மாட்டி, ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பி, முழுச் சுமையுடனும் பார்த்தல் வேண்டும்.

வடசென்னைச் சூழல்

காத்திவாக்கம், எண்ணூர், திருவொற்றியூர் ஆகிய பகுதிகள் மோட்டார் தொழிலுடன் நெடுநாள் தொடர்புடையவை. 1948இல் நிறுவப்பட்ட அசோக் மோட்டார்ஸ், பின்னாளைய அசோக் லேலண்ட், எண்ணூரில் முதலில் தொகுத்தவை ஆஸ்டின் ஏ40 கார்களே. எம்.ஆர்.எஃப். டயர்த் தொழிற்சாலை திருவொற்றியூரில் உள்ளது. எண்ணூர்த் துறைமுகம் 2001இல் திறக்கப்பட்டது. கார்களும் இதன் வழியே ஏற்றுமதியாகின்றன.

சக்கரத் தேர்வைப் பொறுத்தவரை இப்பகுதியில் கருத வேண்டியவை கன்டெய்னர் லாரிகள் சிதைத்த சாலைகளும் கடற்காற்றும் ஆகும். 215/50 ஆர்18 டயரில் பக்கச்சுவர் 107.5 மிமீ மட்டுமே. தொழிற்சாலை டயரைவிட 32 மிமீ குறைவு. பள்ளத்தில் விழும்போது அதிர்ச்சியைத் தாங்கும் ரப்பர் அந்த அளவுக்குக் குறைவதால் ரிம் வளைவதற்கும் விரிசல் விடுவதற்கும் வாய்ப்பு மிகும். இத்தகைய சாலைகளுக்கு 16 அங்குலத்திலேயே நிற்பது அறிவுடைமை. உப்புக்காற்றில் அலுமினியச் சக்கரத்துக்கும் இரும்பு ஹப்புக்கும் இடையே அரிப்பு ஏற்பட்டு இரண்டும் ஒட்டிக்கொள்வதுண்டு. மாட்டும் முன் ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துருவை நீக்க வேண்டும். துருவின் மேல் அமர்ந்த சக்கரம் நேராக நில்லாது. ஐம்பது முதல் நூறு கிலோமீட்டர் ஓடிய பின் நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்த்தல் நன்று.

சுமைத் திறன்

டயரின் சுமைக் குறியீடு தொழிற்சாலை அளவைவிடக் குறையக் கூடாது. 98 என்பது ஒரு டயருக்கு 750 கிலோ, 94 என்பது 670 கிலோ. சக்கரத்துக்கும் தனியே சுமை வரம்பு உண்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரையோ சப்பானிய ஜே.டபிள்யூ.எல். குறியோ இல்லாத மலிவான போலிச் சக்கரங்களைத் தவிர்க்க வேண்டும்.

சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, தயாரிப்பாளரின் மூலக் குறிப்புகளுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் இதை உறுதிசெய்தது. அவ்வாண்டின் திருத்தச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் தண்டம், அல்லது இரண்டும் விதிக்க இடமளிக்கிறது. அதே காருக்குத் தயாரிப்பாளரே கையேட்டில் ஒப்புக்கொண்ட மாற்று அளவு இருப்பின், அதைத் தேர்வது சட்டச் சிக்கலையும் மேற்கூறிய கணக்குகளில் பலவற்றையும் தவிர்க்கும்.