நத்தார் இரவும் வைசூரி நகரமும்

நத்தாரின் பொருள் யாது? கிறிஸ்தவ வேதம் தரும் விடை எளியது. சத்திரத்தில் இடம் கிடையாத ஓர் ஏழைத் தாய் தன் மகவை மாட்டுத் தொழுவத்தில் கிடத்தினாள். அந்தத் தொழுவத்தின் வழியாகவே இறைவன் மனிதரிடம் வந்தான் என்பது அம்மதத்தினரின் நம்பிக்கை. அந்நம்பிக்கை நமக்கு உண்டோ இல்லையோ, துன்புறுவோர் இருக்கும் இடத்துக்கு இறங்கிச் செல்வதே தொண்டு என்னும் கருத்து அதனுள் அடங்கியிருக்கிறது. நமது கண்டி மாநகரில் அக்கருத்து ஒருமுறை செயலாயிற்று.

ஈழத்தில் கத்தோலிக்கம் போர்த்துக்கேயரின் ஆயுத பலத்தோடு பரவியது. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தவர்கள் அவர்களே. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தரோ, கிறிஸ்தவராயிருந்தும் கத்தோலிக்கரை ஒடுக்கினர், குருமாரை விரட்டினர். இந்நிலையில், 1651இல் கோவாவிற் பிறந்த யோசேப் வாஸ் அடிகளார் 1687இல் யாழ்ப்பாணம் வந்தார். அவர் பின்னே படையில்லை, அரசில்லை. கூலியாளைப் போல வேடமிட்டு வந்தவருக்குச் சில்லாலை மக்கள் புகலிடம் அளித்தனர். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில், வழிபாட்டுக்காக வீடுகளிற் கூடியிருந்த மக்களை ஒல்லாந்தச் சிப்பாய்கள் அடித்துச் சிறைப்படுத்தினர். அடிகளார் அகப்படவில்லை. கிறிஸ்துவின் பிறந்தநாளிலேயே கிறிஸ்தவ அரசொன்று செய்த கொடுமை இது!

அவர் பின்னர் பௌத்த மன்னனின் கண்டி இராச்சியத்துட் புகுந்தார். 1692இல் கண்டியை அடைந்தவரைப் போர்த்துக்கேய ஒற்றரென ஐயுற்றுச் சிறையில் இட்டனர். சிறையிலேயே அவர் சிங்களம் கற்றார். நாளடைவில் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரது தூய்மையை உணர்ந்தான்.

1697இல் கண்டியை வைசூரி பற்றியது. வசதியுள்ளோர் நகரைவிட்டு நீங்கினர். நோயாளரை உற்றாரே கைவிட்டனர். பலர் காட்டிலே கிடந்து மடிந்தனர். அடிகளாரும் அவருடைய உறவினரான யோசேப் கர்வாலோ அடிகளாரும் நகரை விட்டகலவில்லை. கைவிடப்பட்டோரைத் தேடிச்சென்று கூரையின்கீழ்ச் சேர்த்தனர், புண்ணைக் கழுவினர், உணவூட்டினர், இறந்தோரைத் தம் கையாலேயே அடக்கஞ்செய்தனர். நோயாளியின் மதம் யாதென அவர்கள் கேட்கவில்லை.

விமலதர்மசூரியனுக்குப் பின் 1707இல் அரசுகட்டிலேறியவன் வீர நரேந்திரசிங்கன். குண்டசாலையில் அரண்மனை அமைத்து வாழ்ந்ததால் குண்டசாலை மன்னன் என்றே அவன் அழைக்கப்பட்டான். அவனது ஆதரவில் வாஸ் அடிகளாரின் தோழரான யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். வாஸ் அடிகளார் 1711 ஜனவரி 16இல் கண்டியிற் காலமானார். 2015 ஜனவரியில் கொழும்பு காலிமுகத்திடலில் அவருக்குப் புனிதர் பட்டம் சூட்டப்பட்டது.

வரலாற்று மாணவன் எதையும் மிகைப்படுத்தலாகாது. அடிகளார் மதம் பரப்ப வந்தவரே. அவரது வாழ்வை எழுதிவைத்தோரும் அவருடைய சபையினரே. ஒருவரது கருணை சமுதாய அமைப்பை மாற்றிவிடுவதுமில்லை. வைசூரி நீங்கியபின்னும் குடியானவன் இராசகாரியத்தின் சுமையைச் சுமந்தே நின்றான். ஆயினும், நெருக்கடி நேரும்போது யார் ஓடுகிறார், யார் நிற்கிறார் என்பதைக் கொண்டு பொதுப்பணியை அளக்கலாம் என்பதை அவ்வாண்டு நமக்குக் கற்பிக்கிறது.

முந்நூற்றிருபத்துமூன்று ஆண்டுகளின் பின், 2020இல், வேறொரு கொள்ளைநோய் இந்நாட்டை வாட்டியது. அப்போதும் தம் உயிரைப் பொருட்படுத்தாது தாதியரும் சுகாதாரத் தொழிலாளரும் நின்று பணியாற்றினர். ஆனால் அரசு, அடக்கஞ்செய்வதால் ஆபத்தில்லையென உலக சுகாதார நிறுவனம் கூறியபின்னும், முஸ்லிம்களின் உடல்களை எரித்தே தீருவோம் என்றது. அவ்வாண்டு நத்தார் மாதத்தில், பிறந்து இருபது நாளே ஆன ஒரு குழந்தையின் உடலும் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வாயிலில் மக்கள் வெண்துணிகளைக் கட்டித் துயரும் எதிர்ப்பும் தெரிவித்தனர். 2021 பெப்ரவரியிலேதான் அவ்விதி நீங்கியது.

அந்தத் துணிகளைக் கட்டியோருட் பல மதத்தினரும் இருந்தனர். தொழுவத்துக் குழந்தையை வணங்குவோர் அடுத்த வீட்டாரின் குழந்தைக்காகவும் வாயிலில் வந்து நிற்பார்களாயின், நத்தாருக்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.