நடுவரிடம் யார் பேசலாம்? - கூடைப்பந்தில் ஆட்டத்துக்கு முந்தைய சில நிமிடங்கள்

தஞ்சாவூர், மன்னார்குடி, பட்டுக்கோட்டை பக்கம் பொங்கல் விளையாட்டு என்றாலே கபடிதான். ஆட்டம் தொடங்கும் முன் நடுவர் இரண்டு அணிகளையும் கூப்பிடுவார். நகம் ஒட்ட வெட்டியிருக்கிறதா, உடம்பில் எண்ணெய் தடவியிருக்கிறார்களா என்று பார்ப்பார். கேப்டன்களை வைத்து டாஸ் போடுவார்.

அதே ஊரில், பள்ளிக்கூட மைதானத்தில் கூடைப்பந்து நடந்தால் டாஸ் கிடையாது. நடுவர்கள், கோச், கேப்டன் எல்லோரும் ஸ்கோர் மேஜை பக்கம் கூடுவார்கள். கை குலுக்குவார்கள், இரண்டு நிமிடம் ஏதோ பேசுவார்கள், கலைந்துவிடுவார்கள். தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு இது வெறும் சம்பிரதாயம். ஆனால் ஆட்டம் முழுக்க நடுவரிடம் வாய் திறக்க யாருக்கு உரிமை என்பது அங்கேதான் முடிவாகிறது. அந்த உரிமை கை மாறி வந்த கதை கொஞ்சம் சுவாரஸ்யமானது.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த விளையாட்டை உருவாக்கினார். மொத்தம் 13 விதிகள். அதில் இரண்டு நடுவர்கள் வருகிறார்கள்: ஒருவர் ஆட்களைக் கவனிக்க, இன்னொருவர் பந்தைக் கவனிக்க. கோச் என்ற சொல்லே அதில் இல்லை! கேப்டன் மட்டும் கடைசி விதியில் எட்டிப் பார்க்கிறார். ஆட்டம் சமனில் முடிந்தால், இரண்டு கேப்டன்களும் சம்மதித்தால், இன்னொரு கோல் விழும் வரை ஆடலாம். அதாவது அன்றைக்கு நடுவர் கலந்து பேச வேண்டிய ஒரே ஆள் கேப்டன்தான்.

கோச் உள்ளே வந்தது மெதுவாகத்தான். 1910-ல் அமெரிக்க விதி, ஆட்டம் நடக்கும்போது வெளியில் இருந்து யாரும் யோசனை சொல்லக் கூடாது என்று தடுத்தது. முதல் தடவை எச்சரிக்கை, அதற்குப் பிறகு எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ. டைம் அவுட்டில் கோச் தன் வீரர்களிடம் பேசலாம் என்று அங்கே அனுமதி கிடைத்தது 1949-ல்தான். (இன்றைக்குக் கோட்டுக்கு வெளியே குதித்துக் கத்தும் கோச்சுகளைப் பார்த்தால் நம்பவே முடியாது.)

இந்த விளையாட்டு நம் பக்கம் பரவியதிலும் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் பங்கு உண்டு. அங்கே படித்த ஹாரி குரோ பக் என்பவர் 1920-ல் மெட்ராஸில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நம் பள்ளிகளில் "பி.டி. மாஸ்டர்" என்ற ஆள் வந்ததில் அந்தக் கல்லூரிக்குப் பெரிய இடம் உண்டு.

சரி, இன்றைய சர்வதேச விதிக்கு வருவோம். ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடத்துக்கு முன்பே இரண்டு கோச்சுகளும் ஸ்கோர் ஷீட்டில் உள்ள பெயர், நம்பர் எல்லாம் சரிதானா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். முதலில் இறங்கும் ஐந்து பேரையும் அப்போதே சொல்ல வேண்டும். "ஏ" அணியின் கோச்தான் முதலில் சொல்ல வேண்டும். எதிரணியின் ஐந்தைப் பார்த்துவிட்டுச் சொல்லும் வசதி "பி" அணிக்கு! அட்டவணையில் முதல் பெயராக இருக்கும் அணிக்கு மேஜையின் இடது பக்க பெஞ்ச். இரு அணியும் ஒத்துக்கொண்டால் மாற்றிக்கொள்ளலாம். கூரை இல்லாத கோட்டில் சாயங்கால வெயில் ஒரு பெஞ்சின் மேல் மட்டும் அடித்தால் இந்தச் சின்ன விதியின் அருமை தெரியும்.

கேப்டனுக்கு மிச்சம் இருப்பது இரண்டு. பந்து நின்று கடிகாரமும் நின்றிருக்கும்போது, மரியாதையாக, விளக்கம் கேட்க மட்டும் நடுவரிடம் பேசலாம். ஆட்ட முடிவை எதிர்த்து முறையீடு செய்வதானால் அதுவும் அவர் வேலை. ஆட்டம் முடிந்து 15 நிமிடத்துக்குள் நடுவரிடம் சொல்லி, ஸ்கோர் ஷீட்டில் அதற்கென்று உள்ள இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கோச் எவ்வளவு கத்தினாலும் அந்தக் கையெழுத்துக்கு ஈடாகாது.

பேச உரிமை இல்லாதவர் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதி ஆட்டம் உதாரணம். அமெரிக்கா ஒரு புள்ளி முன்னிலை. சர்வதேசக் கூட்டமைப்பின் செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் பார்வையாளர் பகுதியில் இருந்து இறங்கி வந்து, கடிகாரத்தை மூன்று விநாடிக்குத் திருப்பச் சொன்னார். ஆட்டத்துக்குள் தலையிட அவருக்கு அதிகாரமே இல்லை. அந்த மூன்று விநாடியில் சோவியத் யூனியன் 51-50 என்று ஜெயித்தது. அமெரிக்காவின் முறையீடு 3-2 என்ற ஓட்டில் தோற்றது. அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்கவே இல்லை.

மியூனிக்கில் முறையீடு செய்யும் வழியாவது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. டெல்டாவில் கபடி, வாலிபால், ஓட்டம் என்று எல்லாவற்றையும் ஒரே பி.டி. மாஸ்டர் பார்க்கும் பள்ளி என்றால்? அவர் வேறு மைதானத்தில் இருக்கலாம், துணைக் கோச் என்று யாரும் இல்லாமலும் இருக்கலாம். அதற்கும் விதியில் வழி இருக்கிறது: கேப்டனே கோச்சாகவும் இருந்துகொள்ளலாம். ஐந்து பேரைச் சொல்வது, கையெழுத்து, டைம் அவுட், முறையீடு எல்லாமே பதினாறு வயதுப் பையன் தலையில். இதை அவனுக்கு யாராவது சொல்வதென்றால், பந்து மேலே போகும் முன் மேஜை பக்கம் நிற்கும் அந்த இரண்டு நிமிடத்தில் நடுவர்தான் சொல்ல வேண்டும்.