சொட்டுச் சொட்டாக

தலைச்சன் பிரசவத்துக்கு அவசரம் கூடாது என்பார்கள் நம் பாட்டிமார்கள். வலி எடுத்ததும் ஒரு டம்ளர் சீரகக் கஷாயம் கொடுப்பார்கள். பொய்வலியானால் அடங்கிவிடும், மெய்வலியானால் வலுக்கும். அதற்குமேல் மருத்துவச்சிக்குத் தெரிந்த பெரிய வித்தை, காத்திருப்பதுதான்.

மெய்வலி வந்து, பாதி வழியில் சோர்ந்து நின்றுவிட்டால்? அம்பத்தூர், ஆவடிக்காரர்கள் ரயிலேறிச் சென்ட்ரலில் இறங்கி, ஜட்கா பிடித்து எழும்பூர் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்த ரயில் பாதை 1856-ல் வந்தது. ஆஸ்பத்திரி அதற்கும் மூத்தது, 1844-ல் தொடங்கியது. பூந்தமல்லிக்காரர்களுக்கு ரயிலும் கிடையாது, சாலையும் வண்டியும்தான்.

சரி, போய்ச் சேர்ந்தாயிற்று. சோர்ந்த வலியைத் தட்டி எழுப்ப அங்கே மருந்து உண்டா? வெகு காலம் வரை நம்பத் தகுந்த மருந்து உலகத்திலேயே இல்லை. அது வந்த கதை ஒரு பூனையில் ஆரம்பிக்கிறது.

1906-ல் ஹென்றி டேல் என்ற ஆங்கிலேயர், மூளையின் அடியில் பட்டாணி போலத் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாறு, பூனையின் கருப்பையைச் சுருங்கச் செய்வதைக் கண்டார். 1909-ல் பிளேர் பெல் என்ற டாக்டர் அதைப் பெண்களுக்குப் பயன்படுத்தி எழுதினார். சில வருஷங்களில் ‘பிட்யூட்ரின்’ ஊசி பிரசவ அறைகளில் புகுந்துவிட்டது.

புகுந்த வேகத்தில் விபரீதமும் வந்தது. கருப்பை இறுகும்போது குழந்தைக்குப் போகும் ரத்தம் குறைகிறது; தளரும்போதுதான் மறுபடி பாய்கிறது. வலிக்கும் வலிக்கும் நடுவே உள்ள அந்த ஓய்வுதான் குழந்தையின் மூச்சு. ஒரே ஊசியாக மருந்தை ஏற்றியதும் ஓய்வே இல்லாமல் போயிற்று. குழந்தைகள் திணறின. கருப்பை கிழிந்து தாய்மாரும் மாண்டார்கள். ஏற்றிய மருந்தைத் திரும்ப எடுக்க முடியுமா?

1948-ல் இங்கிலாந்தில் தியோபால்ட் என்பவரும் அவர் கூட்டாளிகளும் ஒரு வழியை எழுதி வெளியிட்டார்கள். மருந்தை நிறைய நீரில் கலந்து, ரத்தக் குழாயில் சொட்டுச் சொட்டாக விடுவது. வலி மிஞ்சினால் குழாயை மூடிவிடலாம். சில நிமிஷங்களில் மருந்தின் வேகம் தணியத் தொடங்கும். 1953-ல் அமெரிக்க ரசாயன நிபுணர் டு விக்னோ அந்தச் சாற்றின் சாரமான ஆக்ஸிடோசினைச் சோதனைச் சாலையிலேயே உருவாக்கினார். 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிஸ பாணிச் சமுதாயத்துக்குத் தீர்மானம் போட்டது. அதே வருஷம் டு விக்னோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆவடித் தீர்மானம் என்ன ஆயிற்று என்பதில் பல அபிப்பிராயங்கள் உண்டு. ஆவடிப் பெண்களின் பிரசவ அறைக்கு மருந்து வந்து சேர்ந்ததில் சந்தேகமில்லை.

இந்த மருந்துக்கு இன்னொரு குணம்: மடியில் பால் சுரந்து இறங்கச் செய்யும். விடுவார்களா மனிதர்கள்? கன்று இழந்த எருமைக்கும் ஊசி போட்டுக் கறந்தார்கள். அதைத் தடுக்க, 2018-ல் மத்திய சர்க்கார், தனியார் கம்பெனிகள் இதைத் தயாரிக்கவே கூடாது என்று உத்தரவிட்டது. பிரசவத்துக்குப் பின் ரத்தப் போக்கை நிறுத்துவதும் இதே மருந்துதான். அது கிடைக்காமல் போனால் தாய்மார் கதி என்ன என்ற கேள்வி எழுந்தது. அந்த டிசம்பரில் டில்லி ஹைகோர்ட் உத்தரவை ரத்து செய்தது. எருமைக்காரனின் அவசரத்துக்குத் தாய்மார் அபராதம் கட்ட இருந்தார்கள்!

இன்று அம்பத்தூரிலேயே பிரசவம் பார்க்கலாம், ஜட்கா வேண்டாம். ஆனால் வராந்தாவில் நிற்கும் மாமியார், “ஊசி போட்டுச் சீக்கிரம் முடித்துவிடுங்களேன், டாக்டரம்மா!” என்று கெஞ்சுகிறாள். அவளைக் குறை சொல்லவில்லை. உள்ளே கேட்கும் குரல் அப்படி. ஆனால் கட்டிலண்டை உட்கார்ந்து, பத்து நிமிஷத்துக்கு எத்தனை வலி என்று எண்ணி, குழந்தையின் இதயத் துடிப்பைக் காது கொடுத்துக் கேட்க ஒரு நர்ஸ் இல்லையென்றால், அந்தச் சொட்டு மருந்தும் பழைய ஊசிதான்.

மருந்து புதிது. வித்தை மட்டும் பழைய மருத்துவச்சியுடையதே: பக்கத்தில் இருப்பது, பார்த்துக்கொண்டே இருப்பது.