தொம்பலூர் என்பதை எப்படி ஒலிப்பது?

பெங்களூரு டொம்லூரின் சொக்கநாதசுவாமி கோயிலில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. போசள மன்னன் வீர ராமநாதனின் ஆணையும் அவற்றுள் ஒன்று. லூயிஸ் ரைஸ் 1905இல் வெளியிட்ட எபிகிராபியா கர்நாடிகா 9ஆம் தொகுதியில் இவை அச்சேறின. அவற்றில் ஊரின் பெயர் தொம்பலூர். தேசிமாணிக்கப்பட்டணம் என்பது மறுபெயர்.

மரபிடங்களைச் செவிவழி விளக்கும் ஒலிவழிகாட்டிகள் பெருகிவரும் காலம் இது. டொம்லூருக்கு ஒன்றை அமைக்க முனைவோர் ஊர்ப்பெயரிலேயே தயங்க நேரும். ‘தந்தை’ என்னும் சொல்லில் தகர ஒலி இருமுறை வருகிறது. எழுத்து ஒன்று, ஒலிப்பு இரண்டு. தொம்பலூரின் முதலொலி இவற்றுள் எது? இன்றைய கன்னட வழக்கான ‘தொம்மலூரு’ ‘தந்தை’யின் பின்னொலியைக் கொண்டது. போதாக்குறைக்கு, இடைக்காலக் கல்வெட்டுகள் ஒகர ஓகாரத்தை வேறுபடுத்துவதில்லை. மகரத்தை அடுத்த பகரம் மகரமாகவே திரிந்தது மட்டும் தெளிவு.

அச்சு நூல் இவ்வினாவைக் கடந்துவிடலாம், குரலால் இயலாது. ஒலிப்பைத் தேர்வதே, அன்றைய ஊரார் பேசிய மொழி எது என்பதற்கு விடை கூறுவதாகிவிடும். கல்லின் மொழி கொடையாளருடையதாகவோ அரசினுடையதாகவோ இருக்கலாம். ஊராரின் பேச்சுமொழிக்கு அது மட்டுமே சான்றாகாது. இதே நகரின் பேகூரில், ‘பெங்களூர்ப் போர்’ பற்றிய ஏறத்தாழ கி.பி. 890ஆம் ஆண்டு நடுகல் கன்னடத்தில் பேசுகிறது.

நகரம் எம்மொழியாருக்கு உரியது என்னும் பூசலுக்கு இக்கற்களைச் சாட்சிக்கு இழுப்போர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. நேர்மையான வழிகாட்டி இரு ஒலிப்புகளையும் கேட்கச் செய்து, காரணத்தையும் சொல்லவேண்டும்.