உதிராத உடம்பு

நம் உடம்பு ஏன் உதிர்ந்து விழுவதில்லை? ஐம்பது வயது வரையில் எனக்கு இந்தச் சந்தேகம் வந்ததே கிடையாது. உயிரணுக்கள் செங்கல் மாதிரி என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். செங்கல் என்றால் சுண்ணாம்பு எங்கே என்று வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை. வாத்தியாருக்கும் அது சௌகரியமாகவே இருந்திருக்கும்.

1907-ம் வருஷம் அமெரிக்காவில் ஹெச். வி. வில்சன் என்பவர் ஒரு காரியம் செய்தார். சமையற்கட்டு வேலை என்றே சொல்லலாம். உயிருள்ள கடற்பஞ்சைப் பட்டுத் துணியில் வைத்துக் கடல்நீருக்குள் பிழிந்தார். அணுக்கள் தனித் தனியாகப் பிரிந்து, கலங்கலாய் அடியில் தங்கின. பிராணியின் கதை அத்துடன் முடிந்தது என்றுதானே நினைப்போம்? அந்த அணுக்களோ ஊர்ந்து சென்று ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, நாளடைவில் மறுபடியும் கடற்பஞ்சாகிவிட்டன.

ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறிய ஹோல்ட்ஃபிரெட்டர், அமெரிக்காவில் டவுன்ஸ் என்பவருடன் சேர்ந்து 1955-ல் வெளியிட்ட சோதனை இன்னும் விசித்திரம். தவளை இனத்தைச் சேர்ந்த பிராணிகளின் கருவிலிருந்து, தோலாக வேண்டிய அணுக்களையும் நரம்பாக வேண்டிய அணுக்களையும் பிரித்தெடுத்து ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். அவை தாமாகவே இனம் பிரிந்து, தோல் வெளியே, நரம்பு உள்ளே என்று அமைந்தன. ஆகவே இது வெறும் பசை அல்ல. கோந்துக்கு உறவினர், அயலார் என்ற பேதம் ஏது?

பேதம் அறிந்த அந்தப் பொருள் அகப்பட்ட கதையைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை. ஜப்பானில் கியோட்டோ நகரத்து விஞ்ஞானி மசாதோஷி தாக்கெயிச்சி, 1970-களின் நடுவில் அமெரிக்காவில் பால்டிமோரிலுள்ள கார்னகி ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார். டிரிப்சின் என்னும் ஜீரண ரசத்தால் அணுக்களைப் பிரித்து, அவை மீண்டும் ஒட்டுவதைக் கவனிப்பது அவருக்குப் பழகிப்போன வேலை. கியோட்டோவில் ஒட்டின. பால்டிமோரில் ஒட்டவில்லை! அதே கை, அதே பக்குவம். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நம் வீட்டுப் பாட்டி சொல்லியிருப்பாள். பாட்டி சொல்வதில் பாதி உண்மை இருந்தது. பால்டிமோர் டிரிப்சின் கரைசலில், கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு ரசாயனமும் கலந்திருந்தது. கியோட்டோ கரைசலில் அது இல்லை.

வேறொருவராயிருந்தால் கரைசலை மாற்றிக்கொண்டு காரியத்தைப் பார்த்திருப்பார். தாக்கெயிச்சி அங்கேயே நின்று யோசித்தார். கால்சியம் இல்லாத கடல்நீரில் கடல் முள்ளெலியின் கரு அணு அணுவாகப் பிரிந்துவிடும் என்பது 1900-லேயே தெரிந்த விஷயம். அணுவின் மேல் ஏதோ ஒரு புரோட்டீன் இருக்க வேண்டும். கால்சியம் கூட இருக்கும்வரை டிரிப்சினால் அதைக் கடிக்க முடியாது. கால்சியம் விலகியதும் அது இரையாகிவிடுகிறது என்று ஊகித்தார். 1977-ல் அதை வெளியிட்டார். 1984-ல் அந்தப் புரோட்டீனுக்குக் 'கேடரின்' என்று பெயர் வந்தது. ஒட்டும் குணமே இல்லாத எலி அணுக்களுக்குள் 1987-ல் அதன் மரபணுவைச் செலுத்தினார்கள், அவை ஒட்டிக்கொண்டன. மறு வருஷம் இருவகைக் கேடரின் கொண்ட அணுக்களைக் கலந்து பார்த்தார்கள். அவரவர் ஜாதியோடு அவரவர்! (வில்சனின் கடற்பஞ்சில் இருக்கும் பசை வேறு சரக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

கேடரின் வெளியே பக்கத்து அணுவின் கையைப் பிடித்திருக்கிறது. உள்ளே அதன் வால் 'பீட்டா கேட்டனின்' என்ற வேறொரு புரோட்டீனைப் பிடித்திருக்கிறது. இந்தக் கேட்டனினுக்கு இரட்டை உத்தியோகம். வெளியிலிருந்து தகுந்த சமிக்ஞை வந்தால், அணுவின் உட்கருவுக்குள் புகுந்து, வளர், பெருகு என்று உத்தரவு கொடுப்பதும் அதுதான். வாசற்கதவின் தாழ்ப்பாளே வீட்டுக்குள் போய்த் தந்தி வாசிக்கிற கதை. என் நாவலில் இப்படி எழுதினால் ஆசிரியர் அடித்துவிடுவார்.

தாழ்ப்பாள் பழுதானால் என்ன ஆகும்? நியூஸிலாந்தில் ஒரு மவோரிக் குடும்பத்தில், தலைமுறை தலைமுறையாக இளம் வயதினர் வயிற்றுப் புற்றுநோயால் இறந்து வந்தார்கள். கேடரின் மரபணு ஒன்றில் பரம்பரைப் பழுது இருந்ததே காரணம் என்று 1998-ல் தெரிந்தது. பிடி விட்ட அணுக்கள் ஒரு கட்டியாகக்கூடத் திரளாமல், இரைப்பையின் சுவருக்குள் ஒவ்வொன்றாகச் சிதறிப் பரவும். ஆகவே கண்டுபிடிப்பதும் கடினம். பழுது இல்லை என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் பயம் விட்டது. பழுது இருக்கிறது என்று தெரிந்தவர்களில் பலர், நோய் தலைகாட்டுமுன்பே இரைப்பையை முழுவதும் எடுத்துவிட்டு, வேளைக்குக் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிட்டுக்கொண்டு வாழ்கிறார்கள்.