ஓர் இசைஞரின் கிற்றார்த் தொகுதி

நாட்டு வரலாறு எழுதுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் நாடுவர். இசைஞரின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு அவர் கையாண்ட கருவிகளே அத்தகைய சான்றுகளாகும். தேய்ந்த பூச்சும், மாற்றிய திருகாணியும், துளைத்துப் பின் அடைத்த துவாரமும் அவர்தம் உழைப்பின் குறிப்புக்களாம். ஆயின், அத்தகைய கருவிகளை மாற்றமின்றிப் பேணுவதா, பயன்படுத்தி மாற்றுவதா, ஈற்றில் பிறர்க்கு வழங்குவதா என்பது எளிதில் விடை காணவியலாத வினா. ஆங்கில இசைஞர் டேவிட் கில்மோரின் கிற்றார்த் தொகுதியின் வரலாறு அவ்வினாவிற்கு ஒரு விடையைத் தருகின்றது.

கில்மோர் 1946 ஆம் ஆண்டு கேம்பிரிஜ் நகரிற் பிறந்தவர்; 1968 ஆம் ஆண்டின் தொடக்கம் முதல் ‘பிங் புளோயிட்’ என்னும் இலண்டன் இசைக்குழுவில் வாசித்தவர். 1973 இல் வெளிவந்த ‘த டார்க் சைட் ஒவ் த மூன்’ என்னும் இசைத்தட்டு அக்குழுவின் புகழை உலகெங்கும் பரப்பிற்று. அவர் அரை நூற்றாண்டுக் காலத்திற் சேர்த்த கிற்றார்கள் நூற்றுக்கு மேற்பட்டன.

இத்தொகுதியின் இயல்பை உணர்தற்கு மின்கிற்றாரின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். பழைய கிற்றாரின் ஒலி, குடைவான மரப்பெட்டியாற் பெருகுவது. மின்கிற்றாரிலோ, உருக்குத் தந்தி அதிருங்கால் அதன் கீழே காந்தத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளில் நுண்ணிய மின்னோட்டம் எழும். அதனைப் பெருக்கியே ஒலியாக்குவர். ஆதலின் கருவியின் உடல் குடைவின்றி முழுமரமாக இருத்தல் கூடும். கலிபோர்னியாவில் வானொலி திருத்துந் தொழில் செய்துவந்த லியோ பென்டர் என்பார், 1954 இல் ‘ஸ்ராற்றோகாஸ்ரர்’ என்னும் வகையை வெளியிட்டார். மூன்று காந்தச் சுருள்களும், வாசிக்கையிலேயே சுருதியை நெகிழ்த்தும் ஒரு கைப்பிடியும் அதன் சிறப்பியல்புகள். அதன் கழுத்து உடலோடு ஒட்டப்படாது திருகாணிகளாற் பிணைக்கப்பட்டிருந்தமையால், ஓர் உறுப்பைக் கழற்றி வேறொன்றைப் பூட்டுதல் எளிதாயிற்று.

இவ்வசதியைக் கில்மோர் முற்றாகப் பயன்படுத்தினார். 1970 இல் நியூயோர்க்கிலிருந்த ‘மனிஸ்’ என்னுங் கடையில் அவர் வாங்கிய கரிய ஸ்ராற்றோகாஸ்ரரின் கழுத்துப் பலமுறை மாற்றப்பட்டது. முகப்பிலிருந்த வெள்ளைத் தகடு நீங்கிக் கரிய தகடு வந்தது. காந்தச் சுருள்களும் மாறின. 1980 களில் வேறொருவகைக் கைப்பிடியைப் பொருத்தும்பொருட்டு உடலின் மரமுங்கூடச் செதுக்கப்பட்டது. 1970 களில் அக்குழு வெளியிட்ட பெரும் இசைத்தட்டுக்களில் ஒலித்தது இக்கருவியே. அரும்பொருட் சேகரிப்போர் இத்தகைய மாற்றங்களைப் பழுதெனக் கொள்வர். கில்மோர்க்கோ அது பணிக்கருவி. பணி மாறக் கருவியும் மாறிற்று.

இதற்கு நேர்மாறானது 1954 ஆம் ஆண்டின் வெண்ணிற ஸ்ராற்றோகாஸ்ரர். அதன் தொடரிலக்கம் 0001. எனினும், செய்யப்பட்டவற்றுள் முதலாவது அதுவன்று. தம் குழுவின் கருவிகளை 1974 முதற் பேணிவந்த பில் ரெயிலரிடமிருந்து கில்மோர் அதனை 1978 இல் வாங்கினார். அருமை கருதிப் போற்றத்தக்க அக்கருவியையும் அவர் பெட்டகத்தில் வைத்துப் பூட்டவில்லை. இசைப்பதிவிலும் மேடையிலும் வாசித்தார்.

கரிய கிற்றார் ஒருமுறை கையைவிட்டுப் பிரிந்ததுமுண்டு. 1986 இல் அமெரிக்க உணவகம் ஒன்றிற் காட்சிக்கு வைக்க அது இரவலாகக் கொடுக்கப்பட்டது. 1997 இல் மீண்டபோது பழுதுற்றிருந்தது. வாசிப்பாரின்றிச் சுவரிலே தொங்கிய ஆண்டுகளே அதற்குத் தீங்கு செய்தன என்பது கருதத்தக்கது. பின்னர் அது செப்பனிடப்பட்டது. 2005 ஆம் ஆண்டு யூலை 2 ஆம் நாள், வறுமையொழிப்பை வேண்டி இலண்டன் ஹைட் பூங்காவில் நிகழ்ந்த பெருங்கச்சேரியில், நெடுங்காலம் பிரிந்திருந்த குழுவினர் நால்வரும் ஒருங்கு கூடியபொழுது கில்மோரின் கையில் அக்கருவியே இருந்தது.

கருவிகளை விற்று அறஞ்செய்யும் வழக்கத்திற்கு முன்னோடியும் உண்டு. எரிக் கிளாப்ரன் என்னும் ஆங்கில இசைஞர், மதுவுக்கும் போதைப் பொருளுக்கும் அடிமையானோரை மீட்க அன்ரிகுவாத் தீவில் தாம் நிறுவிய நிலையத்தின்பொருட்டு, 1999 இல் தம் கிற்றார்கள் நூற்றை ஏலத்தில் விற்றார். கில்மோரும் ஈகைக்குப் புதியவரல்லர். முன்னரே தம் இலண்டன் வீட்டை விற்று, அப்பணத்தை வீடற்றோர்க்காக வழங்கியவர்.

2019 ஆம் ஆண்டு யூன் 20 ஆம் நாள், நியூயோர்க்கில் கிறிஸ்ரிஸ் ஏல நிலையத்தார் அவர் தொகுதியில் 120 க்கு மேற்பட்ட கிற்றார்களை விற்றனர். கிடைத்த தொகை ஏறக்குறைய 2 கோடியே 15 இலட்சம் டொலர். அது முழுவதும் ‘கிளையன்ட் ஏர்த்’ என்னும் சூழல் காப்புச் சட்டத்தரணிகளின் அறநிலையத்திற்குச் சென்றது. வளிமாசு தொடர்பாகப் பிரித்தானிய அரசின்மீது வழக்குத் தொடுத்து, 2015 இல் அந்நாட்டு உயர்ந்த மன்றிலே வென்ற நிலையம் அது.

அவ்வேலத்தில் வரலாற்று மாணவர் நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அரிய 0001 ஆம் இலக்கக் கருவி 18,15,000 டொலருக்கு விலைபோயிற்று. வெட்டியும் துளைத்தும் மாற்றப்பட்ட கரிய கருவியோ, 1,50,000 டொலருக்கு மேற்போகாதென மதிப்பிடப்பட்டிருந்தும், 39,75,000 டொலர் பெற்றது. அந்நாள்வரை ஏலத்தில் எக்கிற்றாரும் அவ்விலை பெற்றதில்லை. விலையே மதிப்பாகாதெனினும், மக்கள் எதனைப் போற்றினர் என்பதை அது காட்டுகின்றது. கெடாத அருமையினும் உழைத்துத் தேய்ந்த பழமை உயர்வாகக் கொள்ளப்பட்டது.

ஒரு மறுப்பு எழலாம். ஒருவரிடம் ஒருங்கிருந்த தொகுதி சிதறுண்டமையால் வரலாற்றுச் சான்று குலைந்ததன்றோ? செல்வர் இல்லங்களில் அவை ஊமையாகிவிடாவோ? இம்மறுப்பில் உண்மையுண்டு. சிதறிய தொகுதியை மீண்டும் ஒருங்கு காண்டல் அரிது. ஆயினும் சான்று முற்றும் அழிந்திலது. கரிய கிற்றாரின் மாற்றங்களை ரெயிலர் தனி நூலாக எழுதியுள்ளார். ஏலப் பட்டியல் ஒவ்வொரு கருவிக்கும் குறிப்பும் படமும் தந்துள்ளது. கரிய கிற்றாரை வாங்கிய அமெரிக்கச் செல்வர் ஜிம் இர்சே, 2025 இல் மறையுமுன், தம் சேகரத்தைப் பல நகரங்களிற் கட்டணமின்றிக் காட்சிக்கு வைத்தார். கில்மோரும் கருவியின்றி வறிதேயிருந்தாரல்லர். சில கிற்றார்களைத் தம்மிடம் வைத்துக்கொண்டார். 2008 இலேயே அக்கரிய கருவியின் நேர்ப்படிகளைப் பென்டர் நிறுவனத்தார் செய்து வெளியிட்டிருந்தனர்.

ஒருங்கிருத்தலால் வரும் நன்மையை இழந்தேனும் அத்தொகுதி ஓர் அறத்திற்கு உதவிற்று. கைபடாது காக்கப்பட்டிருப்பின், இத்துணைப் பொருளை ஈட்டும் ஆற்றல் அதற்கு வாய்த்திராது. ஐம்பதாண்டு வாசித்தமையால் வந்த மதிப்பையே கில்மோர் பிறர்க்கு வழங்கினார். இசைக்கருவிகளைச் சேர்ப்போரும், அவற்றைக் காக்கும் அரும்பொருளகத்தாரும் இதனைச் சிந்தித்தல் நன்று.